பொருள் இல்லாத ‘ம்’

உத்திரமேரூர் பஜார் தெருவில், அப்துல் கனி பாயின் பம்புசெட் சாமான் கடைக்கு மேல்மாடியில் பிரிஸ்கில்லாவுக்கு வேலை. என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர்ல” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாள். முழுதாகச் சொன்னால் சிரிப்பார்கள். காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ போனில் பேசியதைக் கேட்டு, நடுவில் வருகிற ‘ம்’, ‘ஆங்’, ‘அய்ய’, ‘ச்சே’ எல்லாவற்றுக்கும் பொருள் எழுத வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறார்களாம். வார்த்தைகளை அது மளமளவென்று கற்றுக்கொண்டதாம். முனகலில் வந்துதான் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கிறது.

அதிலும் இந்த ‘ம்’ இருக்கிறதே, ஒற்றை எழுத்துதான், ஆனால் லேசில் கைக்குள் வராது. ஆடி மாதத்தில் டீம் லீடர் புருஷோத்தமன் பிரிஸ்கில்லாவைக் கூப்பிட்டு, “‘ம்’முக்குன்னே தனியா ஒரு குறிப்பு கேக்குறாங்கம்மா சென்னைல. இன்னா இன்னா அர்த்தம், எங்கருந்து வந்துது, இங்கிலீஷ்ல இன்னா சுருக்கம் போடலாம், எல்லாம் வேணும். நல்லா பண்ணா உன்ன பர்மனென்ட் பண்ணிடலாம்” என்றார். ஒன்றரை வருடமாக ஒப்பந்தக் கூலியில் இருந்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள்.

பத்தொன்பது ரகம் பிடித்தாள். சரி என்கிற ‘ம்’, மேலே சொல் என்கிற ‘ம்’, நம்பமாட்டேன் என்று இழுக்கிற ‘ம்’, வலியில் வருகிற ‘ம்’, குழம்பு ருசிக்கு வருகிற ‘ம்’, பிள்ளையை மிரட்டுகிற ‘ம்’. ஒவ்வொன்றுக்கும் எச்.எம். என்று தொடங்கிப் பின்னால் ஒரு சொல் வைத்தாள். பக்கத்து சீட்டு ஜாஹிரா, கீழே கடை வைத்திருக்கிற கனி பாயின் மகள், எட்டிப் பார்த்துவிட்டு, “எச்.எம்.னா ஹெட்மாஸ்டர்டி. எச்.எம். வலின்னு எழுதிக்கிற, ஹெட்மாஸ்டருக்கு வவுத்து வலின்னு நெனச்சிக்கப் போறாங்க” என்றாள். அதையும் விடாமல் குறிப்பில் சேர்த்தாள் பிரிஸ்கில்லா. பள்ளிக்கூடத்தில் இதே இரண்டு எழுத்து தலைமை ஆசிரியர், எம்.எம். என்று போட்டால் மழை அளவு. செல்போனில் பையன்கள் அதே எம்.எம். அனுப்பினால், பேச்சை முடி தாயே என்று அர்த்தம்.

எங்கிருந்து வந்தது என்ற இடத்தில்தான் இரண்டு நாள் பேனாவைக் கடித்தாள். கடைசியில் எழுதினாள்: ‘வாயைத் திறக்க முடியாதவர்களும், திறக்கக் கூடாதவர்களும் உண்டாக்கிய சத்தம்.’ புருஷோத்தமன் அந்த வரியின் கீழே சிவப்பில் கோடு போட்டு, “சூப்பர்மா, எங்கருந்து புடிச்ச?” என்றார். அவள் சிரித்தாள். எங்கிருந்து பிடித்தாள் என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

அவளுடைய அம்மா சிட்டம்மாள் கழனி வேலைக்குப் போகிறவள். அப்பா பீட்டர் இறந்து ஆறு வருடம். அவர்கள் ஊரான பெருநகரைச் சுற்றி நடவோ களையோ எதற்கு ஆள் வேண்டுமென்றாலும் வேதகிரி மேஸ்திரி போன் போடுவார், சிட்டம்மாள் போவாள். களை எடுக்கிற பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்து நகரும்போது தலையைத் தூக்கமாட்டார்கள். தூக்கினால் மேஸ்திரியின் கண்ணில் படும். ஒருத்தி ஏதாவது கதை சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் வரிசைப்படி ‘ம்’ கொட்ட வேண்டும். ஒரு ‘ம்’ விட்டுப்போனால் கதை நின்றுவிடும். மேஸ்திரியாவது ஒன்றாவது என்று எல்லாரும் நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். சொர்ணவாரிப் போகத்துக் களையில் ஒரு நாள் செல்லாயி என்பவள் வெயில் தாங்காமல் சேற்றில் சாய்ந்தது அப்படித்தான் தெரிந்தது.

வீட்டிலும் சிட்டம்மாள் அப்படித்தான். சாயங்காலம் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிரிஸ்கில்லா அந்த முதுகைப் பார்த்து ஆபீஸ் கதை முழுவதையும் கொட்டுவாள். ஏசி ரிப்பேர் ஆனது, ஜாஹிரா கொண்டுவந்த பிரியாணி, புருஷோத்தமன் சாரின் புதுச் சட்டை என்று எதைச் சொன்னாலும் வாக்கியத்துக்கு ஒரு ‘ம்’ வரும். நாள் முழுக்க ஹெட்போனில் ஊரார் ‘ம்’மை எண்ணிவிட்டு வருகிறவள், வீட்டில் கிடைக்கிற இதை ஒரு நாளும் எண்ணியதில்லை.

அந்த ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் வேதகிரியின் போன் வந்தது. சிட்டம்மாளின் போன் காதில் வைத்துக் கேட்க முடியாதபடி கெட்டுப்போயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால்தான் பேச முடியும். மேஸ்திரி திட்டினால் தெருவே கேட்கும். பிரிஸ்கில்லா குறிப்புக்கு மாதிரி தேடிக்கொண்டிருந்த நேரம். கை தானாகப் போய்த் தன் போனில் ரெக்கார்டரை அழுத்தியது.

“நேத்து எங்க பூட்ட?”

“ம்...”

“இன்னா ம்மு? வாயில இன்னா கொயக்கட்டையா வெச்சினுகீற? சொல்லாம கொள்ளாம நின்னுட்ட, நான் ஆளுக்கு எங்க போவேன்?”

“ம்.”

“வர்றதா உத்தேசம் கீதா, இல்ல வேற ஆளு பாத்துக்கட்டா?”

“ம்ம்.”

“காலைல ஆறு மணிக்கு ஏரிக்கர கழனில நிக்கணும். ஆறுன்னா ஆறு.”

“ம்.”

இப்படிப் பதினான்கு. முந்தின நாள் சிட்டம்மாள் எங்கே போனாள் என்பது பிரிஸ்கில்லாவுக்குத் தெரியும். ஆபீசில் இருப்பிடச் சான்று கேட்டிருந்தார்கள். மகளுக்கு லீவு கிடைக்காது என்று, கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்து வரிசையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றவள் அம்மா. ‘என் பொண்ணுக்காகப் போனேன்’ என்று மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகளுக்கோ, ஒரே போனில் ஒன்பது ரகம் ‘ம்’ கிடைத்த சந்தோஷம்! பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று தனக்கு வந்த அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் பிரிஸ்கில்லாவுக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் ஆபீசில் ஒலியைச் சுத்தம் செய்தாள். கடைசியில் தன் குரலும் ஏதோ விழுந்திருந்தது. காது கொடுக்காமலே அதை வெட்டி எறிந்தாள். அதற்குப் பிறகு அம்மாவின் ‘ம்’ இன்னொன்று இருந்தது. மேஸ்திரி போனை வைத்துவிட்ட பிறகு, எதிரில் யாரும் இல்லாமல் வந்த ‘ம்’. அதை விட மனமில்லை. பத்தொன்பதோடு இருபதாக வைத்து எழுதினாள்: ‘பழக்கத்தால் வருவது. பொருள் இல்லை. சுருக்கம்: எச்.எம். சைபர்.’

குரலுக்குச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் ஒன்று வேண்டும். ரத்த உறவினர் குரல் கூடாது என்பது விதி. பிரிஸ்கில்லாவுக்கு அந்த விதி நல்ல சாக்காகக் கிடைத்தது. ஏனென்றால் அந்த ஒலியை ஆபீசில் போட்டபோது ‘கொயக்கட்ட’ வந்த இடத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவளும்கூடச் சிரித்திருந்தாள். சிரித்த வாயால் இது எங்க அம்மா என்று எப்படிச் சொல்வது? படிவத்தில் ‘ஒரே ஊர், பழக்கமில்லை’ என்று எழுதினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

“இன்னா கண்ணு இது?” என்று சிட்டம்மாள் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆபீஸ் பேப்பர்மா. சும்மா.”

“ம்” என்று சொல்லி, நூறு நாள் வேலையில் கற்றுக்கொண்ட கையெழுத்தை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டுக் கொடுத்தாள்.

புரட்டாசியில் சென்னையிலிருந்து ஷீபா மேடம் வந்தார். வேலை கொடுக்கிற கம்பெனியின் பெரிய ஆள், குறிப்பைப் படித்துவிட்டு எழுதியவளைப் பார்க்கவே வந்தவர். சுவரில் படம் ஓட, பிரிஸ்கில்லா எழுந்து நின்று இருபது ‘ம்’மையும் விளக்கினாள். எச்.எம். ஹெட்மாஸ்டர் கதைக்கு மேடம் வாய்விட்டுச் சிரித்தார். ‘திறக்கக் கூடாதவர்கள்’ என்ற வரிக்குத் தலையசைத்து எதையோ குறித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் வேதகிரியின் குரல் அறை முழுக்க அதிர்ந்தது. பதினான்கு ‘ம்’மும் வந்தன. பிறகு அந்தக் கடைசி ஒன்று.

“யாருங்க இந்தம்மா? இவ்ளோ நேச்சுரலா!” என்றார் மேடம்.

“எங்க ஊரு பக்கம் மேடம். கூலி வேலைக்குப் போறவங்க” என்றாள் பிரிஸ்கில்லா.

“அவங்களையே வரச் சொல்லியிருக்கேன் மேடம்” என்றார் புருஷோத்தமன், பெருமை பொங்க. “படிவத்துல நம்பர் இருந்துது. காலைல போன் பண்ணேன். சால்வை போட்டு ஒரு கிஃப்ட் குடுக்கலாம்னு.”

பிரிஸ்கில்லா கதவைப் பார்த்தாள். வேலை நேரத்தில் போன்களெல்லாம் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அம்மா கூப்பிட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. படியில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கதவோரம் சிட்டம்மாள் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற நீலப் புடவை. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, கனகாம்பரம் வைத்திருந்தாள். மகள்தான் ஏதோ மரியாதை ஏற்பாடு செய்திருக்கிறாள் என்று நினைத்து, அரைநாள் கூலியை விட்டு வந்தவள். ஸ்பீக்கரில் யாரோ அந்த ஒலியை மறுபடி ஓடவிட்டார்கள். ‘வாயில இன்னா கொயக்கட்டையா’ என்றது வேதகிரி குரல். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சிட்டம்மாள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்து, “கண்...” என்று தொடங்கினாள்.

“பிரிஸ்கில்லா, இவங்கதான?” என்றார் புருஷோத்தமன்.

இரண்டே சொல் போதும். எங்க அம்மா. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே படிவம் வந்தது, பர்மனென்ட் வந்தது, தான் சிரித்த சிரிப்பும் வந்தது. பிரிஸ்கில்லா தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமா சார், இவங்கதான்” என்றாள்.

சிட்டம்மாள் படிக்காதவள்தான். ஆனால் எஜமான்கள் முகத்தைப் பார்த்தே நாற்பது வருடம் பிழைத்தவளுக்கு, பெற்ற மகளின் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தொடங்கிய சொல்லை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

“வாங்கம்மா, உக்காருங்க. இந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஊராமே?” என்று ஷீபா மேடம் கேட்டார்.

“பாத்துக்கீறேம்மா. பஸ்ஸுல போவசொல்ல பாத்துக்கீறேன். பேசனது இல்ல.”

ஜாஹிரா சடக்கென்று நிமிர்ந்து பிரிஸ்கில்லாவைப் பார்த்தாள். போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் சிட்டம்மாள் கையால் கேக்கும் கோழிக்குழம்பும் சாப்பிட்டவள் அவள்.

மேடம் சால்வை போர்த்தி, சோற்றைச் சூடாக வைத்திருக்கிற ஹாட்பேக் ஒன்றைக் கையில் கொடுத்தார். “அந்த ‘ம்’மை ஒரு தடவை எங்களுக்காகச் சொல்லுங்களேன்” என்று ஆசையாகக் கேட்டார்.

“எதுர்ல கீறவங்க எதுனா சொன்னாதாம்மா ‘ம்’ வரும். சும்மா எப்டிம்மா வரும்?” என்றாள் சிட்டம்மாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். புருஷோத்தமனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்போ அந்தக் கடைசி ‘ம்’முமா? மேஸ்திரி போன வெச்சப்புறம் சொன்னீங்களே? அதுக்கு அர்த்தமே இல்லன்னு எங்க பொண்ணு எழுதிக்குது!”

சிட்டம்மாள் ஹாட்பேக்கின் மூடியை விரலால் தடவினாள். “அது அவருக்கு இல்லீங்க. வூட்ல ‘பசிக்குது’ன்னாங்க. அதுக்கு சொன்னது.”

ஓ என்றார்கள். பிரிஸ்கில்லாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்டி எறிந்த தன் குரல். மேஸ்திரி அத்தனை திட்டும் திட்டி முடித்த அடுத்த நொடி, எம்மா பசிக்குதும்மா என்று கேட்டவள் அவள்தான். அம்மா ‘ம்’ என்று சொல்லி எழுந்துபோய்ச் சோறு போட்டாள். அதைத் தின்றுவிட்டு, அந்த ‘ம்’முக்குத்தான் பொருள் இல்லை என்று எழுதினாள் மகள். பூமி பிளந்து விழுங்கினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. ஆனால் வாய் மட்டும் அப்போதும் திறக்கவில்லை.

சிட்டம்மாள் எல்லாரையும் கும்பிட்டாள். மேடத்துக்கு ஒரு “வரேம்மா”, சாருக்கு ஒரு “வரேங்க”. பிரிஸ்கில்லாவின் எதிரிலும் நின்று, அதே மாதிரி கைகூப்பி, “வரேங்க” என்றாள். படியிறங்கிப் போனாள்.

அடுத்த மாதத்திலிருந்து பர்மனென்ட் என்று மேடம் அங்கேயே அறிவித்துவிட்டார். ஸ்வீட் பாக்ஸ் சுற்றி வந்தது. ஜாஹிரா எடுக்கவில்லை. ஆறு மணிக்குப் படியிறங்கும்போது பிரிஸ்கில்லா அவள் கையைப் பிடித்து, “நீயாவது சொல்லியிருக்கலாம் இல்லடி?” என்றாள். திருடியவளே காவல்காரியைக் குறை சொன்ன மாதிரிதான் இது.

“நீ சொல்லுவ, நீ சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்” என்று சொல்லி, கையை உருவிக்கொண்டு ஜாஹிரா அப்பாவின் கடைக்குள் போய்விட்டாள்.

பெருநகர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழி நெடுக அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ரூல்ஸ் அப்படிம்மா. வேலை போயிடும்மா. உனக்காகத்தானேம்மா. மூன்றாவதைச் சொல்லும்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சிட்டம்மாள் பழைய புடவைக்கு மாறி, முறத்தில் மொச்சையை உரித்துக்கொண்டிருந்தாள். சால்வையும் ஹாட்பேக்கும் பிரிஸ்கில்லாவின் புத்தக அலமாரி மேல், அவள் பொருட்களோடு பொருளாக இருந்தன.

“எம்மா” என்றாள். வழக்கமான ‘ம்’ வரவில்லை. “சொந்தக்காரங்க கொரலு குடுக்கக் கூடாதுன்னு ரூல்ஸும்மா.”

“சரி.”

“அம்மான்னு சொல்லியிருந்தா வேல பூட்டிருக்கும்.”

“சரி.”

“தப்புதாம்மா. நான் உன்ன... நாளைக்கே சார்கிட்ட சொல்லிட்றேன்.”

சிட்டம்மாள் உரிப்பதை நிறுத்தினாள். “வேணாம். தெரியாதுன்னு நான் அவ்ளோ பேரு முன்னாடி சொல்லிட்டு வந்துட்டேன். மாத்தி சொன்னா என்னத்தான் பொய்க்காரின்னுவாங்க.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, “வேல நெலயாச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சு.”

“ரொம்ப சந்தோஷம்.”

அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு மரியாதைப் பேச்சைப் பிரிஸ்கில்லா கேட்டதே இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழுதால் அம்மா வந்து தேற்ற வேண்டியிருக்கும், அந்தச் சிரமத்தையும் கொடுக்க வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டாள். வேறு வழி தெரியாமல், தினமும் செய்வதைப் போல, அந்த முதுகைப் பார்த்து ஆபீஸ் கதையைத் தொடங்கினாள். மேடம் எந்தக் காரில் வந்தார், என்ன ஸ்வீட், ஜாஹிரா எப்படிக் கையை உருவிக்கொண்டாள். ஒரு வாக்கியம் போனது. இரண்டு போனது. மூன்றாவதில் குரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. களை வரிசையில் ஒரு ‘ம்’ குறைந்தால் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்களே, அப்படி எழுந்துபோய் அம்மாவின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

சிட்டம்மாளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. விழித்துக்கொண்டு, நிதானமாக மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“கேட்டுக்கினுதான் கீறேன்” என்றாள். “சொல்லுங்க.”

பிரிஸ்கில்லா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வேறு எதற்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடும் என்று ஒரு நப்பாசை இருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து ஒரு நாளும் தப்பாமல் வந்ததுதானே.

“எம்மா, பசிக்குதும்மா” என்றாள்.

சிட்டம்மாள் மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். பானை மூடியைத் திறந்து, கரண்டியை அதில் போட்டாள்.

“சோறு ஆயிடுச்சி. போட்டுக்கினு சாப்டுங்க” என்றாள்.